அத்தி நின்ற இடம்

மூன்று வாரங்களுக்கு முன்பு எங்கள் சங்கத்தின் நிர்வாகசபை கூடி, இரண்டு சுற்றுத் தேநீரையும் ஒரு தட்டு றோல்ஸையும் கடந்து, வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு முடிவை எடுத்தது. இன்றைய மேடையில் வைக்கப்படும் செடிகள் பிளாஸ்ரிக்காக இருக்க வேண்டும் என்பதே அந்த முடிவு. உயிருள்ள செடி என்றால் இலை உதிரும். உதிர்ந்தால் நகராட்சி மண்டபத்தின் தரை அழுக்காகும். அழுக்கானால் யார் கூட்டுவது என்று கேள்வி வரும். கேள்வி வராமலே தடுத்த அந்தத் தீர்க்கதரிசனத்தை மொன்றியல் தமிழர் மறக்க மாட்டார்கள். முடிவு ஏகமனதானது என்று அறிகிறேன்.

அந்த உதிராத செடிகளுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் தலைவர் திரு. தியாகலிங்கம் அவர்களே! செயலாளர் திரு. கஜீவன் அவர்களே! பொருளாளர் திரு. ஆனந்தராசா அவர்களே! சென்ட் லோரன்டிலிருந்து வேலை உடுப்போடு வந்திருக்கும் உறவுகளே! மறைந்த இந்திராதேவி அம்மையாரிடம் பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைகளே! எல்லோருக்கும் றோசா ரீச்சரின் வணக்கம்.

அன்று எடுக்கப்பட்ட இன்னொரு முடிவையும் நான் பாராட்டியாக வேண்டும். வாசலில் உள்ள திரையில் ‘அசாம்ப்ளே ஜெனரால் எக்ஸ்ட்ராஓர்டினேர்’ என்று பிரெஞ்சில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அசாதாரணப் பொதுக்கூட்டம் என்று பொருள். இடம் மாறி வந்துவிட்டோமோ என்று சிலர் என்னிடம் கேட்டீர்கள். இல்லை, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். இரங்கல் கூட்டம் என்றால் நகராட்சி வாடகை கேட்கும். சங்கத்தின் பொதுக்கூட்டம் என்றால் மண்டபத்தைச் சும்மா தரும். ஆகவே செயலாளர் இதைப் பொதுக்கூட்டமாகப் பதிந்தார். அப்படியானால் உறுப்பினர்களுக்கு முறைப்படி அறிவித்தல் போக வேண்டும் என்றார்கள், எல்லோருக்கும் அனுப்பினார். நிகழ்ச்சி நிரல் வேண்டும் என்றார்கள். ‘மௌன அஞ்சலி, உரைகள், ஏனைய விடயங்கள்’ என்று எழுதினார். செயலாளரின் அந்த உழைப்புக்கு உரிய மரியாதையை என் உரையின் முடிவில் செலுத்துவேன்.

கலாநிதி இந்திராதேவி சிவபாதம் யார்? யூதர்களின் வேதத்துக்கு ரபிகள் என்ற அறிஞர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக உரை சொல்லி வருகிறார்கள். அந்த உரைகளில் மரமும் செடியும் முள்ளும் எந்த மனிதரைக் குறிக்கின்றன என்று தேடித் தேடிப் படித்தவர், படிப்பித்தவர். பருத்தித்துறையில் பிறந்த ஒரு சைவப் பெண்ணுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது? ஒரு பலகாரப் பெட்டியால் கிடைத்தது!

அவர் இந்த நகருக்கு வந்த முதல் இலையுதிர்காலம். கோட்-டெ-நெய்ஜில் ஓர் அடுக்குமாடி. எதிர் வீட்டுப் பல்கனியில் ஒரு யூதக் குடும்பம் பலகை நிறுத்தி, மேலே கிளை பரப்பிக்கொண்டிருந்தது. பந்தல் போடுகிறார்கள் என்றால் கல்யாணம்தானே? அம்மையார் சேலை உடுத்து, பயத்தம் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டி, கல்யாணப் பொம்பிளை எங்கே என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டு மூதாட்டி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்ததாம். பிறகு இவரைப் பந்தலுக்குள் இருத்தி, இது எங்கள் அறுவடைத் திருவிழா என்று சொல்லி, ஒரு எலுமிச்சை இனப் பழத்தையும் மூன்று வகைக் கிளைகளையும் காட்டினார். “ஏன் இந்த நாலும்?” என்று அம்மையார் கேட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் தேடி முடிக்க அவருக்கு ஒரு கலாநிதிப் பட்டமும் மீதி ஆயுளும் தேவைப்பட்டன.

அந்த நான்குக்கும் ரபிகள் சொன்ன விளக்கத்தை அவர் எங்கள் சங்கத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பார்! நாரத்தை போன்ற அந்தப் பழத்துக்குச் சுவையும் உண்டு, மணமும் உண்டு: அது கல்வியும் நற்செயலும் உள்ளவர். பேரீச்சைக்குச் சுவை உண்டு, மணம் இல்லை: படித்தவர், ஆனால் ஒன்றும் செய்யாதவர். மணம் மட்டும் உள்ள செடி, படிக்காவிட்டாலும் நல்லது செய்பவர். நாலாவது, ஆங்கிலத்தில் வில்லோ என்கிற ஆற்றலரிக் கிளை. சுவையும் இல்லை. மணமும் இல்லை. இதைச் சொல்லும்போது அம்மையார் யாரையும் பார்க்க மாட்டார். மண்டபத்தில் உள்ள மற்ற எல்லோரும் ஒரே திசையில் பார்ப்பார்கள்.

ஆனால் அவர் அத்தோடு நிறுத்துவதில்லை. “அந்த அலரியையும் சேர்த்துத்தான் கட்ட வேணும். நாலும் ஒரே கட்டு. ஒண்டின்ர குறையை மற்றது தாங்கும்” என்பார். அவ்வளவு இரக்கம் அவருக்கு! நான் அவருடன் இருபது ஆண்டுகள் சங்கத்தின் நூலகக் குழுவில் இருந்தவள். அந்த இரக்கம் எனக்கு ஒட்டவில்லை. அதே திருவிழாவின் ஏழாம் நாளில் அந்த அலரிக் கிளையை எடுத்து, இலை உதிரும்படி நிலத்தில் அடிப்பார்கள் என்றும் அவர்தான் சொன்னார். எனக்கு அந்தப் பகுதிதான் நினைவில் நிற்கிறது.

இனி அத்தி மரத்துக்கு வருகிறேன். தலைவர் கதிரையைச் சரிசெய்கிறார். வசதியாக இருங்கள் அண்ணை, கொஞ்சம் நீளமான கதை.

வில்லரேயில் உள்ள எங்கள் சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சிறு வளவு உண்டு. வேலிக்கு அப்பால் கார்மினே என்ற இத்தாலிய முதியவர் இருந்தார். அவர் தந்த ஓர் அத்திக் கொப்பை அம்மையார் அங்கே நட்டார். மொன்றியல் குளிரில் அத்தி பிழைக்குமா? பிழைக்காது. ஆகவே ஐப்பசி முடியும்போது ஒரு பக்க வேரை அறுத்து, மரத்தைச் சாய்த்துக் குழியில் கிடத்தி, பழைய கம்பளம் போர்த்து, மண் போட்டு மூட வேண்டும். பனி கரைந்ததும் தோண்டி நிமிர்த்த வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அவரும் நானும் அதைச் செய்தோம். கத்தோலிக்கப் பெண்ணான என்னைப் பார்த்து, மண் போட்டபடியே சொல்வார்: “ரீச்சர், அடக்கம் செய்துபோட்டு உயிர்க்கும் எண்டு காத்திருக்கிறது உங்கட ஆக்களின்ர வேலை. நான் சும்மா உதவிக்கு நிக்கிறன்.”

அந்த மரத்தடியில்தான் சனிக்கிழமை வகுப்பு. அத்தியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது; தேடும் ஒவ்வொரு முறையும் ஒன்றாவது கிடைக்கும்; வேதமும் அப்படித்தான் என்று ரபிகள் சொன்னார்களாம். அதனால் வகுப்பு ஒருநாளும் முடிந்ததில்லை. ஒருமுறை தலைவர் அந்தப் பக்கம் வந்து, “அத்திப்பழத்தைப் பிட்டுப் பாத்தா அத்தனையும் புழு எண்டெல்லோ எங்கட பழமொழி?” என்றார். தமிழ்ப் பற்று! அம்மையார் ஒரு பழத்தைப் பறித்துப் பிட்டு அவரிடம் கொடுத்து, “பேரீச்சையில கொட்டை, மாதுளையில தோல், ஏதாவது எறியக் கிடக்கும். அத்தியிலதான் எறிய ஒண்டுமில்லை எண்டு ரபிமார் சொல்லுகினம். சாப்பிட்டுப் பாருங்கோ” என்றார். தலைவர் சாப்பிட்டார். இன்னொன்றும் கேட்டார். உண்ட மரம் அது, உறவுகளே! நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு மட்டும் இருந்தவரா? ஒரு மாசி மாதத்தில், தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த ஹர்ஷினி என்ற மாணவியை வீட்டுக்காரர் பெட்டியோடு வெளியே விட்டார். அந்தப் பிள்ளை சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். நிர்வாகசபை அனுதாபத்தோடு ஆராய்ந்தது. “அவை இந்தியாக்காரர். அவைக்கு வேற சங்கம் இருக்கும்தானே?” என்று முடிவு கண்டது. அம்மையார் முடிவு எதுவும் காணவில்லை. மெட்ரோவில் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆதிமனிதர் இருவரும் ஆடையின்றி வெட்கி நின்றபோது எல்லா மரங்களும் இலை தர மறுத்தன, அத்தி ஒன்றுதான் கதவைத் திறந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. அதை அவர் அன்று சொல்லவில்லை. அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. நான் இன்று சொல்கிறேன். ஹர்ஷினி இப்போது எங்கள் சங்கத்தின் உறுப்பினர்; அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறாள்.

இவ்வளவு நல்லவருக்குப் பகை எப்படி வந்தது? ஓர் ஆண்டு விழாவில் வந்தது. அம்மையாரைப் பேச அழைத்தோம். அவர் யூத வேதத்திலிருந்து யோதாம் என்பவன் சொன்ன கதையைச் சொன்னார். மரங்களெல்லாம் கூடித் தங்களுக்கு ஓர் அரசனைத் தேடின. ஒலிவ மரத்தைக் கேட்டன. என் எண்ணெயை விட்டு வருவேனா என்றது. அத்தியைக் கேட்டன, என் இனிப்பை விட்டு வருவேனா என்றது. திராட்சையும் மறுத்தது. கடைசியில் முட்செடியைக் கேட்டன. அதற்கு விட்டு வர ஒன்றும் இருக்கவில்லை. உடனே சம்மதித்து, என் நிழலில் வந்து ஒதுங்குங்கள் என்றது! மறுத்த மூன்றும் மக்களுக்குத் தொண்டு செய்த மூன்று தலைவர்கள், அதில் அத்தி ஒரு பெண், முட்செடியோ அண்ணன் தம்பிகளைக் கொன்று பட்டம் ஏறியவன் என்று ரபிகள் விளக்கினார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு அம்மையார் தண்ணீர் குடித்தார்.

அப்போது பதினோராவது தடவையாக ஏகமனதாகத் தெரிவாகியிருந்த தலைவர் தியாகலிங்கம் எழுந்தார்.

“என்னை முள்ளுமரம் எண்டு சொல்லுறியளோ?”

“நான் ஒருத்தற்ர பேரும் சொல்லேல்லையே அண்ணை. நீங்கள்தானே எழும்பினனீங்கள்.”

அந்தச் சிரிப்பை நாம்தான் சிரித்தோம். அதற்கான விலையை அம்மையார் கொடுத்தார்.

போன வருடம் புரட்டாதியில் அம்மையாருக்கு இதய சத்திரசிகிச்சை. நான் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ரொறன்ரோ போயிருந்தேன். மரத்தைக் கிடத்த ஆள் இல்லை. அதே நேரத்தில் தலைவருக்கும் ஒரு துன்பம் இருந்தது. பனிக்காலத்தில் தெருவில் வண்டி நிறுத்துவது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குத் தெரியும். பனி அள்ள வருகிறோம், வண்டியை எடு என்று அந்தச் சங்கு ஊளையிடும்போது, நித்திரை உடுப்போடு ஓடாத தமிழர் இந்த மண்டபத்தில் உண்டா? தலைவரும் ஓடியவர். அவர் வேதனை உண்மையானது. அந்த வேதனைக்கு மருந்தாகச் சங்கத்தின் பின்வளவு அவர் கண்ணில் பட்டது. அத்தியின் வேர் சுவரை வெடிக்க வைக்கிறது என்று நிர்வாகசபை கண்டுபிடித்தது. சுவரைப் போய்ப் பாருங்கள்; வெடிப்பு இன்னும் வந்து சேரவில்லை. மூன்று கைகள் உயர்ந்தன. மூன்று கைகளும் இன்று மேடையில் மடியின்மேல் இருக்கின்றன. மரம் வெட்டப்பட்டது. அந்த இடத்தில் ஒரு சாம்பல் நிற வான் வண்டி நின்றது. சுவரில் ‘தலைவருக்கு மட்டும்’ என்று ஒரு பலகை, தமிழிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். எங்கள் சங்கம் மூன்று மொழியில் வெளியிட்ட ஒரே வெளியீடு அதுதான்.

மார்கழியில் அம்மையார் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து, பனியில் நின்று அதைப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்: “இரும்பு படைக்கப்பட்ட நேரம் மரங்களெல்லாம் நடுங்கினவையாம். இரும்பு கேட்டதாம், ஏன் நடுங்கிறியள்? உங்களில ஒருத்தரும் எனக்குக் காம்பா வராட்டி, நான் உங்களை என்ன செய்ய ஏலும் எண்டு.”

கோடரிக்காம்பு யார் என்று தமிழருக்கு எந்த ரபியும் விளக்க வேண்டியதில்லை. மூன்று பேர் கை உயர்த்தினார்கள். மற்றவர்கள் என்ன செய்தோம்? வாட்ஸ்அப் குழுவில் அழுகிற முகம் போட்டோம். சிலர் கும்பிடுகிற கையும் போட்டோம். நானும் போட்டேன்.

ஆனால் அத்தி செத்துவிடவில்லை! ஆனி மாதம் வான் வண்டியின் பின்சில்லுக்குப் பக்கத்தில், கட்டையின் அடியிலிருந்து மூன்று தளிர்கள் வந்தன. வெட்டுண்ட மரத்துக்கும் நம்பிக்கை உண்டு, தண்ணீரின் வாசம் பட்டால் அது மறுபடி துளிர்க்கும் என்று அவர்கள் வேதத்தில் இருக்கிறது. அம்மையார் வாளியோடு வந்தார். வண்டியை ஒரு முழம் தள்ளி நிறுத்தும்படி தலைவரைக் கேட்டார். தலைவர் மறுக்கவில்லை. “பேந்து பாப்பம்” என்றார். பிறகு நிர்வாகசபை பார்த்தது. வளவு முழுவதற்கும் தார் போடுவதென்று முடிவாயிற்று. தார் லொறி வரும் திங்கட்கிழமை காலை வருகிறது. இன்று சனிக்கிழமை.

ஆவணி மாதம் ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

“தளிர் நிக்குதோ ரீச்சர்?”

“ஓம், நிக்குது.”

“தண்ணி விட்டனீங்களோ?”

“காலமை விட்டனான்.”

“தார் போடாமல் பாருங்கோ. ஆனா அவரோட சண்டை பிடிக்காதேங்கோ. பாவம், அவருக்கு வேற ஒண்டும் இல்லை.”

பார்த்தீர்களா? சாகும்போதும் அலரியைக் கட்டில் சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் போனார். அவர் மன்னித்தார். நான் அவர் அல்ல.

இதயம் நின்றதால் இறந்தார் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. ரபி ஹனினா என்பவர், தன் மகன் இறந்தது காலம் வருமுன் ஓர் அத்தியை வெட்டியதால் மட்டுமே என்று சொன்னதாக அம்மையார் ஒருமுறை எங்களுக்குப் படிப்பித்தார். இதை நான் இங்கே யாருக்கும் பொருத்தவில்லை. எங்கள் தலைவர் நீடூழி வாழ வேண்டும். மிக நீண்ட காலம், தெருவில் வண்டி நிறுத்தி, ஒவ்வொரு பனிக்கும் சங்குச் சத்தம் கேட்டு எழுந்து ஓடி, நூறு மாரி காண வேண்டும்!

முற்றுகைப் போரில்கூடப் பழமரத்தை வெட்டாதே என்று கட்டளையிட்ட வேதம் அது. அந்த வரியை ரபிகள் மனிதர் மேலும் ஏற்றினார்கள்: கற்றவர் தகுதியானவராக இருந்தால் அவரிடமிருந்து உண், அவரை வெட்டாதே. தகுதியற்றவராக இருந்தால்? வெட்டு! இரண்டாவது பாதியை அம்மையார் எப்போதும் மெல்லிய குரலில் வாசிப்பார். எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது.

தலைவர் ஏதோ சொல்கிறார். அவரிடம் ஒலிவாங்கி இல்லாததால், பின்வரிசைக்காக நான் திருப்பிச் சொல்கிறேன்: “றோசா ரீச்சர், இது செத்த வீட்டுக் கூட்டம். இதுக்குள்ள அரசியல் கதைக்காதையுங்கோ.” நன்றி அண்ணை. இல்லை, இது செத்த வீட்டுக் கூட்டம் இல்லை. வெளியே திரையில் ஓடுவதைப் பாருங்கள். நகராட்சிக்கு நாம் பொய் சொல்லியிருப்போமா? உங்கள் தலைமையில் அப்படி நடக்குமா?

இரங்கல் உரையின் முடிவில், மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது வழக்கம். அப்படி எத்தனையோ உறுதிகள் எடுத்து, வெளியே போய் வடை சாப்பிட்டிருக்கிறோம். இம்முறை அதை வேறுவிதமாகச் செய்வோம். நாம் நிகழ்ச்சி நிரலின் மூன்றாம் விடயத்துக்கு வந்துவிட்டோம்: ஏனைய விடயங்கள். பொதுக்கூட்டத்தில் எந்த உறுப்பினரும் பிரேரணை கொண்டுவரலாம் என்று சங்கத்தின் யாப்பு விதி சொல்கிறது. முடிவெடுக்கப் போதிய ஆட்கள், கோரம், இருக்கிறதா என்று கேட்கிறார் பொருளாளர். ஆனந்தராசா, கதிரை போதாமல் சுவரோரம் நிற்கிறவர்களைக் கொஞ்சம் பாரும். உம்முடைய எந்தப் பொதுக்கூட்டத்துக்கு இவ்வளவு பேர் வந்தார்கள்?

பிரேரணை இது: திங்கட்கிழமைத் தார் வேலை நிறுத்தப்படுகிறது. பின்வளவு கலாநிதி இந்திராதேவி சிவபாதம் அவர்களின் தோட்டமாகவும் வகுப்பாகவும் இருக்கும். அதில் வாகனம் எதுவும் நிற்காது. அந்த மரத்தை வெட்ட முடிவெடுத்த மூவரும் பதவியிலிருந்து நீக்கப்படுகிறார்கள். இந்த ஐப்பசியில் தளிர்களைப் பொத்தி மூட வருகிறவர்கள் மண்வெட்டியோடு வர வேண்டும்.

யார் ஆமோதிக்கிறீர்கள்?

“நான் வழிமொழியறேன் டீச்சர்!”

ஹர்ஷினி எழுந்து நிற்கிறாள். நன்றி மகள், இரு.

செயலாளர் கஜீவன் எழுந்து, “அக்கா, இது முறையில்லை, இது வாடகைக்காகப் போட்ட பேர்” என்கிறார். தம்பி, நீர் அனுப்பிய அறிவித்தல் எல்லோருடைய தொலைபேசியிலும் இருக்கிறது. மிக நன்றாக எழுதியிருக்கிறீர். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

ஏற்பவர்கள் கையை உயர்த்துங்கள். வடிவாக உயர்த்துங்கள். அங்கே கைக்குழந்தையோடு இருக்கிறவர், உங்கள் கையை மட்டும். பிள்ளைக்கு இன்னும் வாக்கு இல்லை.

நன்றி. இறக்கலாம். எதிர்ப்பவர்கள்?

மூன்று. மேடையில்.

அம்மையாரே, நீங்கள் சண்டை பிடிக்க வேண்டாம் என்றீர்கள். நான் பிடிக்கவில்லை. வாக்கெடுத்தேன். உங்கள் பணி தொடரும். சனிக்கிழமை வகுப்பு அடுத்த வாரம் அதே இடத்தில். வணக்கம்.

அமருமுன் ஓர் அறிவித்தல். சங்கத்தின் பின்வளவில் சாம்பல் நிற வான் வண்டி ஒன்று நிற்கிறது. உரிமையாளர் அதை நாளை மாலைக்குள் அகற்றிவிடவும். திங்கட்கிழமை காலை இழுவை வண்டி வரும்.